புல்தைலமும் பூஞ்சை மருந்தும்

போன மாதம் இங்கே பெர்த்தில் ஒரு வீட்டில் சீமந்தம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். நாலு மாதக் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணா, நீங்க ஆஸ்பத்திரி லேப்லதானே வேலை பார்க்கறீங்க? பாப்பாவுக்கு நாக்கெல்லாம் வெள்ளையா இருக்கு. டாக்டர் நிஸ்டாட்டின் சொட்டு மருந்து குடுத்திருக்கார். ஊர்லேருந்து மாமியார் ஏதோ புல்லு எண்ணெய் குடுத்து விட்டிருக்காங்க. தேன்ல ஒரு சொட்டு விட்டுத் தடவச் சொல்றாங்க. ரெண்டையும் சேர்த்துப் போடலாமா?"

எண்ணெயும் வேண்டாம், தேனும் வேண்டாம், டாக்டர் கொடுத்ததை மட்டும் போடுங்கள் என்றேன். (ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்துவிடும். பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.) பதிலில் தவறு இல்லை. ஆனால் காரில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. சேர்த்துப் போடலாமா என்பதைத்தான் உலகத்தில் எத்தனையோ ஆய்வகங்கள் இருபது வருடங்களுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒரு முறை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதால் அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்க்க நேர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அகளி. பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடி மலையில் இருக்கிறது. கேரளாதான், ஆனால் ஆனைகட்டி தாண்டினால் கோயமுத்தூர். இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் மண். எங்களைப் போன்ற தமிழர்களும் திருவிதாங்கூர்ப் பக்கத்து மலையாளிகளும் பின்னால் வந்து குடியேறியவர்கள். அம்மாவுக்குப் பிறந்த ஊர் மறையூர், அது இடுக்கியில். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு காடு வழியாக ஏற வேண்டும். இரண்டுமே எல்லையோர மலையூர்கள், இரண்டிலும் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம்.

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு குப்பிகள் எப்போதும் இருக்கும். ஒன்று ஜென்ஷன் வயலட். வாயில் புண் வந்தால் பஞ்சில் நனைத்துத் தடவுவார்கள், நாக்கு நாவல்பழம் தின்றது போல இரண்டு நாளைக்கு ஊதாவாக இருக்கும், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். இன்னொன்று பெரியம்மா மறையூரிலிருந்து கொடுத்தனுப்பும் புல்தைலம். மலையாளத்தில் இஞ்சிப்புல், தமிழில் எலுமிச்சைப் புல். மறையூர் மலைச்சரிவுகளில் முதுவான்களும் மற்றவர்களும் அந்தப் புல்லை அறுத்து, காட்டோரத்தில் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் திணித்துக் காய்ச்சுவார்கள். ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீருக்குள் போய் வெளியே வரும்போது எண்ணெய் மேலே மிதக்கும். நூறு கிலோ புல்லுக்கு முந்நூறு, நானூறு கிராம் எண்ணெய் கிடைத்தால் அதிர்ஷ்டம். சின்ன வயதில் விடுமுறைக்குப் போகும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டாலும் ஊர் வந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும்.

இந்த எண்ணெய்க்கு வெளிநாட்டில் இருந்த பெயர் 'கொச்சின் ஆயில்'. மலபார், கொச்சி, திருவிதாங்கூர் மலைகளில் காய்ச்சியது எல்லாம் கொச்சித் துறைமுகம் வழியாகப் போனதால் வந்த பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதற்குப் பெரிய கிராக்கி வந்தது. காரணம் மருந்து இல்லை, வாசனை. 1893-ல் ஜெர்மனியில் டீமன், க்ரூகர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இந்த எண்ணெயின் முக்கியச் சரக்கான சிட்ராலிலிருந்து அயனோன் என்ற பொருளைச் செய்தார்கள். அது வயலட் பூவின் மணம். ஐரோப்பியச் சீமாட்டிகள் கைக்குட்டையில் தெளித்துக்கொண்ட வயலட் சென்ட்டுக்குப் பின்னால் நம் மலைப்புல் இருந்தது. 1947-ல் சுவிட்சர்லாந்தில் ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனியில் ஆட்டோ இஸ்லர் குழு வைட்டமின் ஏ-யைச் செயற்கையாகச் செய்தபோது அதற்கும் தொடக்கம் அயனோன்தான். 1951-ல் பெரும்பாவூர் பக்கம் ஓடக்காலியில் இந்தப் புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். அங்கே தேர்ந்தெடுத்த 'சுகந்தி' ரகம் பின்னால் இந்தியா முழுக்கப் பரவியது.

பிறகு என்ன ஆயிற்று என்பது நமக்குப் பழகின கதை. குவாத்தமாலா போன்ற நாடுகள் போட்டிக்கு வந்தன. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சிட்ராலை டன் டன்னாகச் செய்ய பிஏஎஸ்எஃப் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் கற்றுக்கொண்டன. மலையில் அண்டாக்கள் குறைந்தன.

இனி வெள்ளை நாக்குக்கு வருவோம். நம் பாட்டிகள் அதை அக்கரம் என்பார்கள். ஹிப்போக்ரட்டீஸ் காலத்திலிருந்தே மருத்துவர்கள் குறித்து வைத்திருக்கிற நோய். 1839-ல் லாங்கன்பெக் என்ற ஜெர்மானியர் அதில் ஒரு பூஞ்சையைக் கண்டார். 1923-ல் கிறிஸ்டீன் பெர்க்ஹவுட் என்ற டச்சுப் பெண் அந்தக் குடும்பத்துக்குக் 'கேண்டிடா' என்று பெயர் வைத்தார். லத்தீனில் வெண்மையைக் குறிக்கும் சொல். இது ஈஸ்ட் வகை. ஆரோக்கியமானவர்கள் பலரின் வாயிலும் குடலிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். சர்க்கரை ஏறினால், ஆன்டிபயாட்டிக் தின்று நல்ல கிருமிகள் செத்தால், எதிர்ப்புசக்தி குறைந்தால் தலைதூக்கும்.

இதற்கு முதல் உருப்படியான மருந்தைக் கண்டுபிடித்தவர்களும் பெண்கள்தான். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் எலிசபெத் ஹேஸன் நியூயார்க் நகரத்தில், ரேச்சல் பிரவுன் அல்பனியில். ஹேஸன் மண்ணிலிருந்து நுண்ணுயிரை வளர்த்து ஜாடியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார், பிரவுன் அதிலிருந்து சரக்கைப் பிரித்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில் ஒரு நண்பரின் பண்ணை மண்ணில் கிடைத்தது. 1950-ல் அறிவித்தார்கள். நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கி நிஸ்டாட்டின். ராயல்டியாக வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலரில் ஒரு பைசாவும் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சீமந்த வீட்டுப் பாப்பாவின் நாக்கில் விழுவது அவர்களுடைய மருந்துதான்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. புனே பக்கத்தில் பிம்ப்ரியில் இருந்த ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸில் எம். ஜே. திருமலாச்சார் குழு 1961-ல் ஹாமைசின் என்ற பூஞ்சை மருந்தைக் கொண்டுவந்தது. அதைத் தரும் நுண்ணுயிருக்கு ஊர்ப் பெயரையே வைத்து 'பிம்ப்ரினா' என்றார்கள். நம் பாடப்புத்தகங்களில் இவர் பெயர் ஏன் இல்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பிறகு கிளோட்ரிமசோல், கீட்டோகோனசோல், 1990-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூகோனசோல் என்று வரிசையாக வந்தன. ஃப்ளூகோனசோல் வந்தபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். மாத்திரையாக விழுங்கலாம், பக்கவிளைவு குறைவு. ஆனால் எய்ட்ஸ் நோயாளிகள் மாதக்கணக்கில் அதைச் சாப்பிட, சில வருடங்களிலேயே கேண்டிடா அதற்கும் பழகிக்கொண்டது. பழகுவது எப்படி என்றால், தன் உடம்புச் சவ்வில் ஒரு பம்ப் வைத்திருக்கிறது. உள்ளே வரும் மருந்தை, கிணற்றில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பது போல வெளியே இறைத்துவிடும். 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் அசைந்து கொடுக்காத ஜாதி. 2013-ல் டெல்லி ஆஸ்பத்திரிகளில் அது இருப்பது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் முதல் முறையாக ஆபத்தான பூஞ்சைகளுக்குப் பட்டியல் போட்டபோது ஆரிஸும் சாதாரண அல்பிகன்ஸும் மேல்வரிசையில் இடம் பிடித்தன. எங்கள் லேபில் ஆரிஸ் என்ற பெயரைச் சொன்னாலே முகங்கள் மாறும்.

புது மருந்து வருவது குறைவு என்றால் பழையதைச் சேர்த்துக் கொடுக்கலாமே என்ற யோசனை பழையது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் இன்னொரு ஈஸ்டுக்கு ஆம்போடெரிசினையும் ஃப்ளூசைட்டோசினையும் சேர்த்துக் கொடுத்தால் நல்ல பலன் என்று 1979-லேயே மனிதர்களிடம் சோதித்துக் காட்டிவிட்டார்கள். எண்ணெய்கள் இந்த வரிசையில் நுழைந்ததற்கு நான் இப்போது இருக்கும் நாட்டுக்கும் பங்கு உண்டு.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பண்ட்ஜலங் மக்கள் காலங்காலமாகக் கசக்கிப் பயன்படுத்திய ஒரு மரம், டீ ட்ரீ. (டீத்தூளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 1920-களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்டு என்ற வேதியியலாளர் அந்த எண்ணெய் அன்றைய கிருமிநாசினி ஃபீனாலைவிடப் பல மடங்கு வலுவானது என்று எழுதினார். பென்சிலின் வந்ததும் மறந்து போனார்கள். பிறகு இதே பெர்த்தில், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஹேமர், கார்சன், ரைலி மூவரும் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். 1999-ல் அவர்கள் 52 தாவர எண்ணெய்களையும் சாறுகளையும் பத்து நுண்ணுயிர்களோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். கேண்டிடாவும் அந்தப் பத்தில் ஒன்று. இரண்டு சதவீதம் அல்லது அதற்கும் குறைந்த அளவிலேயே பத்தையும் அடக்கியவை மூன்றுதான். அவற்றில் ஒன்று எலுமிச்சைப் புல்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கட்டுரையைப் படித்தேன். லேப் கேன்டீனில் உட்கார்ந்து, பெரியம்மாவுக்கு போன் செய்தேன். "அட போ சாமி, இதக் கண்டுபிடிக்க அத்தன தூரம் போகோணுமா?" என்றார்.

தட்டில் தனியாக ஜெயித்த எண்ணெய்களை மருந்தோடு சேர்த்துப் பார்ப்பது அடுத்த படி. அதற்கு ஒரு முறை இருக்கிறது, சதுரங்கப் பலகை மாதிரி. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஒரு பக்கமாக மருந்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். இன்னொரு பக்கமாக எண்ணெயை. எல்லாக் குழியிலும் ஈஸ்ட் போட்டு, மறுநாள் எது கலங்கியிருக்கிறது, எது தெளிவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தனித்தனியாகத் தேவைப்பட்ட அளவில் இரண்டும் கால் பங்கு சேர்ந்தாலே போதும் என்றால் காலும் காலும் அரை. அரையோ அதற்குக் கீழோ வந்தால் கூட்டுப்பலன் என்று கணக்கு.

2010-ல் டெல்லி ஜாமியா மில்லியாவில் ஒரு குழு கிராம்பிலும் துளசியிலும் உள்ள யூஜினாலையும் அதன் பங்காளி மெத்தில் யூஜினாலையும் ஃப்ளூகோனசோலோடு சேர்த்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த கேண்டிடாக்களில், மருந்துக்கு மசியாதவை உட்பட, கூட்டுப்பலன் கிடைத்தது. 2012-ல் அலிகாரில் கானும் அகமதும் இன்னும் கடினமான இடத்தில் கை வைத்தார்கள். கேண்டிடா பல்செட்டிலோ குழாயிலோ பிசின் மாதிரிப் படலம் கட்டி உட்கார்ந்துகொள்ளும். அப்போது ஃப்ளூகோனசோல் அதைத் தொடவே முடியாது. கிராம்பின் யூஜினாலும் பட்டையின் சின்னமால்டிஹைடும் சேர்ந்தபோது அந்தப் படலமும் இளகியது. அதே வருடம் அவர்களே எலுமிச்சைப் புல் எண்ணெயும் படலத்தைத் தடுப்பதைக் காட்டினார்கள். எப்படி நடக்கிறது என்பதும் ஓரளவு புரிகிறது. ஃப்ளூகோனசோல் ஈஸ்டின் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற பொருளைச் செய்யவிடாமல் தடுக்கிறது. எண்ணெய் அந்தச் சவ்வுக்குள்ளேயே கரைந்து ஓட்டை போடுகிறது. யூஜினாலும் தைமாலும் சவ்வில் அயனிகளைத் தள்ளும் ஒரு முக்கிய நொதியையும் முடக்குகின்றன. பாதி கட்டின சுவரில் ஒருவன் செங்கல்லை நிறுத்த, இன்னொருவன் காரையைச் சுரண்டுவது போல.

இதையெல்லாம் படித்து நெஞ்சை நிமிர்த்தும் நம்மவர்களுக்கு இரண்டு செய்திகள். 2009-ல் தென்னாப்பிரிக்காவில் வான் வூரன் குழு டீ ட்ரீ, தைம், புதினா வகை, ரோஸ்மேரி எண்ணெய்களை ஆம்போடெரிசினோடு சேர்த்து கேண்டிடாவிடம் விட்டது. பெரும்பாலும் எதிர்ப்பலன்! ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுத்தது. ஃப்ளூகோனசோலோடு கைகோக்கும் எண்ணெய் வேறொரு மருந்தின் காலை வாரலாம். இரண்டாவது, டெல்லிக் குழுவில் அதிகக் கூட்டுப்பலன் தந்த மெத்தில் யூஜினாலை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2023-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றியது. செடியில் இருந்து வந்ததால் சாது என்று அர்த்தமில்லை.

மனிதர்களிடம் பார்த்தார்களா? கொஞ்சம். 1998-ல் டெட்ராய்ட்டில் ஃப்ளூகோனசோல் கைவிட்ட எய்ட்ஸ் நோயாளிகளுக்கு டீ ட்ரீ கரைசலால் வாய் கொப்பளிக்க வைத்தார்கள். கணக்கில் வந்த 12 பேரில் 8 பேருக்கு நான்கு வாரத்தில் பலன், அதில் முழுக் குணம் 2 பேர். 2009-ல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்றில் 90 பேரை மூன்றாகப் பிரித்து ஒரு பங்குக்கு எலுமிச்சைச் சாறு, ஒரு பங்குக்கு எலுமிச்சைப் புல், ஒரு பங்குக்கு நம் பழைய ஜென்ஷன் வயலட். முதல் இரண்டும் ஊதா மருந்துக்கு நன்றாகவே ஈடு கொடுத்தன. என் வீட்டு அலமாரியின் இரண்டு குப்பிகளையும் யாரோ உண்மையிலேயே போட்டிக்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை விளக்க முடியாது. ஆனால் இவையெல்லாம் சின்ன ஆய்வுகள், தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தவை. எண்ணெயையும் மாத்திரையையும் ஒரே நோயாளிக்குச் சேர்த்துக் கொடுத்துப் பெரிய அளவில் பார்ப்பதற்குக் காசு போட யாருக்கு என்ன லாபம்? புல்லுக்குக் காப்புரிமை இல்லை. ஃப்ளூகோனசோல் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. எண்ணெயோ மண்ணுக்கும் மழைக்கும் அறுத்த மாதத்துக்கும் தக்கபடி மாறும். ஒரு குப்பியில் எண்பது சதவீதம் சிட்ரால், இன்னொன்றில் எழுபது. மாத்திரைக் கம்பெனிக்கு இது தலைவலி.

இனி என் வீட்டுக் கதை. 2017. அம்மாவுக்குச் சர்க்கரை, அதோடு பல வருடங்களுக்கு முன்னால் இதய வால்வு மாற்றியதால் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வார்ஃபரின். வாயெல்லாம் வெள்ளை, சாப்பிட முடியவில்லை என்று போன் வந்தது. அப்போது பெரியம்மா அகளிக்கு வந்திருந்தார், வெந்நீரில் புல்தைலம் ஒரு சொட்டு விட்டுக் கொப்பளிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம். "பெரியம்மா, அந்த எண்ணெயத் தூக்கி வைங்க. நான் சொல்ற ஜெல்ல வாங்கித் தடவுங்க." மைக்கோனசோல் ஜெல். மருந்துக்கடையில் சீட்டு கேட்காமலே கொடுத்தார்கள். நான் தட்டுகளில் பூஞ்சை பார்க்கிறவன், மருத்துவன் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன் அல்லவா, குரலில் ஒரு தோரணை.

பத்து நாளில் அம்மாவுக்கு ஈறில் ரத்தம், தொடையில் கைப்பிடி அளவு நீலம். நான் அப்போதும் பெரியம்மாவைத்தான் திட்டினேன். "சொன்னாக் கேக்கறீங்களா? எண்ணெய விட்டீங்களா இல்லியா?" அவர் பதில் பேசவே இல்லை. ஆனைகட்டி வழியாகக் கோயமுத்தூருக்குக் கொண்டு போனார்கள். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண் மூன்றுக்குள் இருக்க வேண்டியது, எட்டைத் தாண்டியிருந்தது. இரவுப்பணியில் இருந்த இளம் டாக்டர் மருந்துப்பையைக் கொட்டிப் பார்த்து முதலில் எடுத்தது ஜெல் டியூபைத்தானாம். வாயில் தடவினாலும் மைக்கோனசோல் ஓரளவு ரத்தத்துக்குள் போகும். கல்லீரலில் வார்ஃபரினை உடைத்து வெளியேற்றும் நொதியை அது நிறுத்திவிடும். வார்ஃபரின் சேர்ந்துகொண்டே போகும். பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முந்தைய வருடமே இதைப் பற்றி எச்சரித்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஃப்ளூகோனசோலும் இதே வேலையைச் செய்யும். உங்கள் வீட்டில் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் இருந்தால் இந்த ஒரு பத்தியையாவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

வைட்டமின் கே கொடுத்து இரண்டு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். நான் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மா மறையூருக்குத் திரும்பியிருந்தார். உடுமலைப்பேட்டைக்கு பஸ் பிடித்து, சின்னாறு வழியாக ஏறி, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். "போன்ல கத்துனதுக்கு வந்தியா, இல்ல ஜெல்லுக்கா?" என்று கேட்டார். ரெண்டுக்கும்தான் என்றேன். காப்பி கொடுத்தார். கிளம்பும்போது பையில் ஒரு குப்பி வைத்தார். இப்போது பக்கத்தில் யாரும் காய்ச்சுவதில்லை, கடையில் வாங்கியது, பழைய வாசம் இல்லை என்றார். முகர்ந்து பார்த்தேன். சுத்தமான எலுமிச்சை வாசம், அவ்வளவுதான். அடியில் இருக்கும் அந்தப் பச்சைப்புல் நெடி இல்லை. ஜெர்மனியில் பீப்பாயில் அடைத்த சிட்ராலாகக்கூட இருக்கலாம்.

அம்மாவுக்கு இப்போது வாயில் வெள்ளை வந்தால் டாக்டர் நிஸ்டாட்டின்தான் எழுதுகிறார். அது குடலில் உறிஞ்சப்படாது என்பதால் வார்ஃபரின் பக்கம் தலைகாட்டாது. போன வாரம் ஐஎன்ஆர் 2.8.

நேற்று அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். பாப்பாவின் நாக்கு சுத்தமாகிவிட்டதாம். மாமியார் கொடுத்த எண்ணெயை என்ன செய்வது என்று கேட்டார். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், தரை துடைக்கிற தண்ணீரில் நாலு சொட்டு விடுங்கள், மாமியார் கேட்டால் வீடே மணக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன்.